டி டிரைவை மற்றவர்கள் திறக்காமல் வைப்பது எப்படி?

கேள்வி: வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். விண்டோஸ் 11 ஹோம். சி, டி, இ என்று மூன்று டிரைவ்கள். டி டிரைவில் என் அலுவலகக் கோப்புகளும் வரவு செலவுக் கணக்குகளும் இருக்கின்றன, இ டிரைவில் குடும்பப் புகைப்படங்கள். நான், என் தம்பி, இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறோம். சென்ற மாதம் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் முழுவதும் காணாமல் போனது. யார் அழித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'நோ டிரைவ்ஸ்' என்ற மதிப்பைச் சேர்த்து டி டிரைவை மறைத்தேன். என் மகன் முகவரிப் பட்டையில் டிரைவ் எழுத்தை அடித்து நேராக உள்ளே போய்விட்டான். பிறகு 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'எவ்ரிஒன்' (எல்லோரும்) என்பதற்கு 'டினை' (மறுப்பு) போட்டேன். இப்போது எனக்கே 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று வருகிறது. உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதா? பிள்ளைகள் டி டிரைவைத் தொடவே கூடாது, இ டிரைவில் படங்களைப் பார்க்க மட்டும் வேண்டும். இதற்கு வழி உண்டா?

பதில்: கோப்புகள் எங்கும் போகவில்லை, அப்படியே இருக்கின்றன. 'டினை' எதையும் அழிப்பதில்லை, திறக்க வருகிறவரைத் திருப்பி அனுப்புகிறது. சிக்கல் 'எவ்ரிஒன்' என்ற பெயரில் இருக்கிறது. அதற்குள் பிள்ளைகள் மட்டுமல்ல, நீங்களும் உண்டு, விண்டோஸ் தன் வேலைகளுக்குப் பயன்படுத்தும் 'சிஸ்டம்' கணக்கும் உண்டு. அனுமதிப் பட்டியலைப் பார்க்கும்போது விண்டோஸ் மறுப்புகளை முதலில் படிக்கும், அனுமதிகளைப் பிறகுதான் படிக்கும். அதனால் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்ற வரிசையில் முழு அனுமதி எழுதியிருந்தும் அது எட்டவில்லை.

மீட்கும் முறை இது. 'திஸ் பிசி'யில் டி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' என்று போங்கள். மேலே 'ஓனர்' என்ற இடத்தில் உரிமையாளர் பெயரைக் காட்ட முடியவில்லை என்று வரலாம். பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' என்பதை அழுத்தி, பெட்டியில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்து, 'செக் நேம்ஸ்' அழுத்தி, 'ஓகே' கொடுங்கள். கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' என்று ஒரு டிக் பெட்டி தோன்றும். இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம். 'அப்ளை' செய்ததும், உரிமை மாறியிருப்பதால் எல்லாப் பெட்டிகளையும் மூடித் திரும்பத் திறக்கச் சொல்லும். சொன்னபடி செய்யுங்கள். திரும்பத் திறந்தால் அனுமதிப் பட்டியல் தெரியும். அதில் 'டினை – எவ்ரிஒன்' என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்து 'ரிமூவ்', பிறகு 'ஓகே'. டிரைவின் வேரில், அதாவது மேல்மட்டத்தில், மாற்றியது உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் தானாக இறங்கும். நிறையக் கோப்புகள் இருந்தால் சில நிமிடங்கள் ஓடும். பாதியில் 'கேன்சல்' செய்தால் பாதிக் கோப்புகளில் புது அனுமதியும் மீதியில் பழையதும் நின்றுவிடும், ஆகவே பொறுத்திருங்கள். 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டரைத் தொட முடியவில்லை என்று வந்தால் 'கன்டின்யூ' அழுத்திக் கடந்துபோகலாம். அது விண்டோஸின் சொந்த ஃபோல்டர், அதில் நமக்கு வேலை இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஒரு ஃபோல்டர் மட்டும் மறுத்தால், அந்த ஃபோல்டரில் மட்டும் உரிமையை எடுத்துக்கொண்டு, முன்பு விடச் சொன்ன டிக்கை அங்கே போடுங்கள்.

மறைத்து வைத்ததையும் எடுத்துவிடலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் 'ஹெச்கீ கரன்ட் யூசர்' கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட் வெர்ஷன், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் நீங்கள் சேர்த்த 'நோ டிரைவ்ஸ்' இருக்கும். ஏ டிரைவுக்கு 1, பி-க்கு 2, சி-க்கு 4, டி-க்கு 8, இ-க்கு 16 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பாகும் கணக்கு அது. 8 போட்டிருப்பீர்கள். அந்த மதிப்பை நீக்கி, வெளியேறி மீண்டும் நுழைந்தால் டிரைவ் திரும்பத் தெரியும். அந்த மதிப்பு செய்வது ஒன்றே ஒன்று: ஃபைல் எக்ஸ்ப்ளோரரிடம் "இந்த டிரைவின் படத்தை வரையாதே" என்று சொல்கிறது. டிரைவுக்கு அது எந்தக் காவலும் போடுவதில்லை. ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி வழியாக, எக்ஸ்ப்ளோரரிலிருந்து திறப்பதையே தடுக்கும் இன்னொரு அமைப்பும் உண்டு. அதுவும் எக்ஸ்ப்ளோரரோடு நின்றுவிடும். வேறு ப்ரோகிராம்கள் வழியாக டிரைவைத் திறப்பதை அது தடுப்பதில்லை என்று அந்த அமைப்பின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் எழுத்தை எடுத்துவிடுவதும் இதே ரகம்தான். உங்களுக்கும் சேர்த்தே மறையும், ஒவ்வொரு முறையும் எழுத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறீர்கள், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒருவர். விண்டோஸ் அனுமதிகளை ஆளுக்கு ஆள் தருவதில்லை, கணக்குக்குக் கணக்கு தருகிறது. எல்லோரும் ஒரே கணக்கில் நுழையும்வரை, உங்களை உள்ளே விட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்த எந்த அமைப்பாலும் முடியாது. டி டிரைவுக்கு என்ன பூட்டு போடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் கணக்குகளைப் பிரித்தாக வேண்டும்.

இங்கே பலரும் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். இருக்கும் கணக்கைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுத் தங்களுக்குப் புதிதாக ஒன்று தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். டி டிரைவில் உள்ள கோப்புகளில் பெரும்பாலானவற்றின் உரிமையாளர் என்று இந்தப் பழைய கணக்கின் பெயர்தான் பதிவாகியிருக்கும். ஒரு கோப்பின் உரிமையாளர், அனுமதிப் பட்டியலில் தன் பெயர் இல்லாவிட்டாலும், அந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ள முடியும். பழைய கணக்கு பிள்ளைகளிடம் போனால் அந்த உரிமையும் கூடவே போகும். பிரௌசரில் சேமித்த உங்கள் கடவுச்சொற்களும் அதே கணக்கில்தான் இருக்கின்றன. ஆகவே பழைய கணக்கை நீங்கள் வைத்துக்கொண்டு அதன் கடவுச்சொல்லையும் பின் (PIN) எண்ணையும் இன்றே மாற்றுங்கள். மற்றவர்களுக்குப் புதுக் கணக்கு தொடங்குங்கள்.

'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' என்று போய் 'ஆட் அக்கவுன்ட்' அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் உள்ள இணைப்பையும், அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் இணைப்பையும் தேர்ந்தெடுத்தால், பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்ட உள்ளூர்க் கணக்கு உருவாகும். இப்படி உருவாகும் கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' வகையில்தான் இருக்கும். இருந்தாலும் 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' என்பதைத் திறந்து ஒருமுறை உறுதி செய்யுங்கள். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவர் எந்த டிரைவின் உரிமையையும் எடுத்துக்கொண்டு அனுமதியை மாற்றலாம். சற்று முன்பு நீங்கள் டி டிரைவை மீட்டது அப்படித்தான். ஸ்டாண்டர்ட் யூசருக்கு அது முடியாது. அவர் முயன்றால் அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். பிள்ளைகள் ஏதோ விளையாட்டை நிறுவ வேண்டும் என்று கேட்கும்போது அந்தப் பெட்டியில் நீங்களே வந்து அடியுங்கள். கடவுச்சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டால் இங்கே செய்கிற அத்தனையும் வீண். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்திப் பூட்டும் பழக்கமும் வேண்டும்.

பிள்ளைகளின் பாடக் கோப்புகள் இப்போது உங்கள் கணக்கின் 'டாக்குமென்ட்ஸ்'க்குள் இருக்கும். புதுக் கணக்கிலிருந்து அவர்களுக்கு அது தெரியாது. சி டிரைவின் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கணக்குக்கும் இருக்கும் வீட்டை, மற்ற ஸ்டாண்டர்ட் யூசர்கள் திறக்க முடியாதபடி விண்டோஸ் முதலிலேயே அமைத்துவிடுகிறது. சொல்லப்போனால் உங்கள் அலுவலகக் கோப்புகள் சில ஜிபி அளவுதான் என்றால், அவற்றை உங்கள் 'டாக்குமென்ட்ஸ்'க்குள் வைத்துவிட்டால் டி டிரைவில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வழி அதுதான். கைவைக்கும் இடம் குறைந்தால் தவறும் குறையும். பிள்ளைகளின் கோப்புகளை 'யூசர்ஸ்' உள்ளே இருக்கும் 'பப்ளிக்' ஃபோல்டரில் ஒட்டிவைத்தால், அவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம்.

சி டிரைவின் வேரில் மட்டும் எந்த அனுமதியையும் மாற்றாதீர்கள். "எல்லா டிரைவையும் பூட்டிவிடலாம்" என்று அங்கே ஒரு மறுப்பைப் போட்டால், பிள்ளைகளின் கணக்கில் டெஸ்க்டாப்பே வராமல் போகலாம். விண்டோஸும் ப்ரோகிராம்களும் அங்கிருந்துதான் படிக்கப்படுகின்றன.

டி டிரைவையே பூட்ட வேண்டும் என்றால், முதலில் அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ஃபைல் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள். உங்களுக்கு 'செக்யூரிட்டி' பக்கம் தெரிந்ததால் டி டிரைவ் என்டிஎஃப்எஸ், அதாவது அனுமதிகளைப் பதிந்துவைக்கும் வகைதான். இ டிரைவையும் பார்த்துவிடுங்கள். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய வகைகளில் அனுமதியை எழுதிவைக்க இடமே கிடையாது, 'செக்யூரிட்டி' பக்கமே தோன்றாது. ஃபேட்32 என்றால் 'கன்வர்ட்' என்ற கட்டளையால் கோப்புகள் இருக்கும்போதே என்டிஎஃப்எஸ் ஆக மாற்றலாம். அதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வழி இல்லை. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, ஃபார்மட் செய்து, திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது, டி டிரைவில் ப்ரோகிராமோ விளையாட்டோ நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் விளையாடும் விளையாட்டு அங்கே இருந்தால், டிரைவைப் பூட்டியதும் அது திறக்காது. அப்படியானால் டிரைவின் வேரைத் தொடாமல், அலுவலகக் கோப்புகளை எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்து அந்த ஃபோல்டரை மட்டும் பூட்டுங்கள்.

மாற்றத் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். இப்போதுள்ள அனுமதிப் பட்டியலை ஃபோனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஏதாவது தவறினால் எதைத் திரும்ப எழுத வேண்டும் என்று அந்தப் படம் சொல்லும்.

'அட்வான்ஸ்ட்' பக்கத்தைத் திறந்தால் வழக்கமாக நான்கு வரிசைகள் இருக்கும். 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' இரண்டுக்கும் 'ஃபுல் கன்ட்ரோல்'. 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்' என்பதற்கு 'மாடிஃபை', அதாவது படிக்க, எழுத, அழிக்க. 'யூசர்ஸ்' என்பதற்கு 'ரீட் அண்ட் எக்ஸிக்யூட்', அதாவது படிக்க மட்டும். கடவுச்சொல்லோடு உள்ளே வரும் எவரும் 'அதென்டிகேட்டட் யூசர்'தான். உங்கள் ஃபோல்டர் எப்படி அழிந்திருக்க முடியும் என்பதற்கு விடை அந்த வரிசையில் இருக்கிறது. தனித்தனிக் கணக்கு இருந்திருந்தாலும் அந்த வரிசை இருக்கும்வரை யாரும் அழித்திருக்கலாம்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும், பிறகுதான் மற்றவர்களை எடுக்க வேண்டும். 'ஆட்', 'செலக்ட் எ பிரின்சிபல்' என்று போய் உங்கள் கணக்கின் பெயரை அடித்து 'செக் நேம்ஸ்' கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைபவர்களுக்குத் திரையில் தெரியும் முழுப்பெயரும் உள்ளே பதிந்திருக்கும் பெயரும் வேறாக இருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்து. பெயர் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே 'அட்வான்ஸ்ட்', 'ஃபைண்ட் நவ்' அழுத்தினால் எல்லாக் கணக்குகளின் பட்டியலும் வரும், அதிலிருந்து எடுக்கலாம். 'டைப்' என்ற இடத்தில் 'அலவ்', 'அப்ளைஸ் டு' என்ற இடத்தில் 'திஸ் ஃபோல்டர், சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்', கீழே 'ஃபுல் கன்ட்ரோல்'. 'ஓகே'. அதன் பிறகு 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்' வரிசையை 'ரிமூவ்' செய்யுங்கள், 'யூசர்ஸ்' வரிசையையும் அப்படியே. 'எவ்ரிஒன்' இருந்தால் அதையும். 'அப்ளை'. முடிவில் மூன்று பெயர்கள் மட்டும் இருக்க வேண்டும்: நீங்கள், 'சிஸ்டம்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்'.

'டினை' எங்கேயும் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு விண்டோஸ் அனுமதி தராது, அதுவே போதும். மறுப்பு என்பது ஒரு குழுவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு அந்தக் குழுவில் ஒருவரை மட்டும் விலக்க வேண்டிய அரிய நேரத்துக்கு உரியது. 'யூசர்ஸ்' குழுவுக்கு மறுப்பு போட்டால்கூட அட்மினிஸ்ட்ரேட்டரான நீங்களும் அதில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' வரிசை இருக்கும்போது உங்கள் பெயரைத் தனியாகச் சேர்ப்பானேன் என்று கேட்பீர்கள். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகவே நுழைந்திருந்தாலும், எக்ஸ்ப்ளோரர் சாதாரணப் பயனரின் அதிகாரத்தோடுதான் ஓடுகிறது. உங்கள் பெயர் இல்லாவிட்டால், "இப்போது உங்களுக்கு அனுமதி இல்லை, நிரந்தரமாகப் பெற 'கன்டின்யூ' அழுத்துங்கள்" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். அழுத்தினால் அந்த ஃபோல்டரின் பட்டியலில் உங்கள் பெயரை விண்டோஸே எழுதிவிடும். உங்கள் தம்பியின் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் இதே பெட்டிதான் வரும், அதே ஒரு சொடுக்கில் அவர் பெயரும் நிரந்தரமாக ஏறிவிடும். பிறகு எப்படி நுழைந்தார் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

'சிஸ்டம்' வரிசையைச் சிலர் தெரியாத பெயர் என்று எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. வைரஸ் சோதனை, தேடல் அட்டவணை, பின்புலத்தில் ஓடும் பேக்கப் எல்லாம் அந்தப் பெயரில்தான் டிரைவைப் படிக்கின்றன. எடுத்துவிட்டால் வேறு எங்கோ ஏதோ பிழை வரும், காரணம் இங்கே இருப்பது யாருக்கும் தோன்றாது.

டிரைவுக்குப் பதிலாக ஒரு ஃபோல்டரைப் பூட்டுவதாக இருந்தால் ஒரு படி கூடும். ஃபோல்டரின் வரிசைகள் டிரைவின் வேரிலிருந்து இறங்கி வந்தவை என்பதால் நேராக 'ரிமூவ்' செய்ய விடாது. முதலில் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' அழுத்துங்கள். இரண்டு வழி கேட்கும். இறங்கி வந்தவற்றை இந்த ஃபோல்டரின் சொந்த வரிசைகளாக மாற்றும் முதல் வழியை, 'கன்வர்ட்' என்று தொடங்குவதை, எடுங்கள். எல்லாவற்றையும் நீக்கும் இரண்டாவது வழியை எடுத்தால் பட்டியல் காலியாகிவிடும். அதன் பிறகு முன்பு சொன்ன அதே வேலை.

அதே பக்கத்தின் கீழே, உள்ளே இருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் அழித்து இதையே எழுது என்ற பொருளில் 'ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட்' என்று தொடங்கும் ஒரு டிக் உண்டு. சாதாரண ஃபோல்டரில் அது பயனுள்ளது, ஏனென்றால் உள்ளே எங்காவது ஒரு துணை ஃபோல்டர் தனி அனுமதியோடு இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்யும். டிரைவின் வேரில் அதைப் போடாதீர்கள். ரீசைக்கிள் பின் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அனுமதியோடு அதே டிரைவில் மறைவாக இருக்கிறது. அந்த அனுமதி கலைந்தால் ரீசைக்கிள் பின் கெட்டுவிட்டது என்று செய்தி வரத் தொடங்கும்.

அடுத்தது, 'அப்ளைஸ் டு' என்ற அந்தச் சிறு தேர்வு. மறுப்பு வரிசை ஒன்றில் அது 'திஸ் ஃபோல்டர் ஒன்லி' என்று இருந்துவிட்டால் வெளிப்பார்வைக்கு டிரைவ் பூட்டியதுபோலவே தெரியும், சொடுக்கினால் மறுக்கும். ஆனால் உள்ளே உள்ள கோப்பின் முழுப் பாதை தெரிந்தவர் அதை நேராகத் திறந்துவிடுவார். வழியில் உள்ள ஃபோல்டர்களின் அனுமதியைச் சரிபார்க்காமல் கடந்துபோகும் சலுகையை விண்டோஸ் எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாகவே தந்திருக்கிறது. கோப்பின் சொந்த அனுமதி என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. பழைய ஷார்ட்கட் ஒன்று பொது இடத்தில் கிடந்தால் போதும், அது வழியாகக் கோப்பு திறந்துகொள்ளும்.

பொது ஃபோல்டரில் இருந்த ஒரு கோப்பை அதே டிரைவில் உள்ள பூட்டிய ஃபோல்டருக்கு 'கட்' செய்து ஒட்டினால், அது தன் பழைய அனுமதியையும் சுமந்துகொண்டு வரக்கூடும். 'காப்பி' செய்து ஒட்டினால் புதிய இடத்தின் அனுமதியைப் பெறும். ஆகவே ரகசியமானதை நகலெடுத்து ஒட்டி, மூலத்தை அழிப்பது பாதுகாப்பானது.

இ டிரைவுக்கு வருவோம். பார்க்கலாம், அழிக்கக் கூடாது என்பதுதானே தேவை. அங்கே உங்கள் பெயரை 'ஃபுல் கன்ட்ரோல்' உடன் சேர்த்துவிட்டு 'அதென்டிகேட்டட் யூசர்ஸ்' வரிசையை மட்டும் எடுங்கள். 'யூசர்ஸ் – ரீட் அண்ட் எக்ஸிக்யூட்' வரிசையை விட்டுவிடுங்கள். படங்கள் திறக்கும். பெயர் மாற்றவோ அழிக்கவோ முயன்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும். பிள்ளைகள் புதுப் படங்களைப் போட இடம் வேண்டுமென்றால் இ டிரைவில் 'புதிய படங்கள்' என்று ஒரு ஃபோல்டர் செய்து, அதற்கு மட்டும் 'யூசர்ஸ் – மாடிஃபை' என்று ஒரு வரிசை கூட்டுங்கள். நீங்கள் அவ்வப்போது அங்கிருந்து தொகுப்புக்குள் நகலெடுத்துக்கொள்ளலாம். படத்தைத் திருப்பியோ வெட்டியோ சேமிக்க முயன்றால் மூலப் படத்தின் மேல் எழுத முடியாது, வேறு இடத்தில் நகலாகத்தான் சேமிக்க முடியும். அதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று வந்து நிற்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்தபடியே சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்ற தாவலில் மகனின் பெயரைக் கொடுத்தால், அவருக்கு எதெதற்கு அனுமதி உண்டு என்று பட்டியலிடும். அதைவிட நல்லது அவர் கணக்கிலேயே நுழைந்து பார்ப்பது. டி டிரைவைச் சொடுக்கிப் பாருங்கள். முகவரிப் பட்டையில் எழுத்தை அடித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு ப்ரோகிராமின் 'ஓப்பன்' பெட்டி வழியாக நுழைந்து பாருங்கள். உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். நான்கிலும் மறுப்பு வர வேண்டும். இ டிரைவில் தேவையில்லாத ஒரு படத்தை வைத்து, அதை அழிக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

தம்பிக்கு ப்ரோகிராம்கள் நிறுவும் வேலை அடிக்கடி இருக்கிறது, அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருக்க வேண்டும் என்றால், அவர் முன்னால் இந்த அனுமதிகள் வேண்டுகோள் அளவுக்குத்தான் நிற்கும். அங்கே குறியாக்கம் தேவை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்புகளை மாற்றிவைப்பது. ஹோம் பதிப்பில் விண்டோஸின் சொந்தக் குறியாக்க வசதியான பிட்லாக்கரைக் கொண்டு ஒரு டிரைவுக்குத் தனிக் கடவுச்சொல் போட முடியாது, அந்த வசதி ப்ரோ பதிப்பில்தான். ஹோமில் சில கம்ப்யூட்டர்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற வசதி இருக்கும். அது கம்ப்யூட்டர் திருட்டுப் போனாலோ டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினாலோ காக்கும். விண்டோஸ் ஏறியதும் அது தானாகத் திறந்துகொள்வதால் வீட்டில் உள்ள இன்னொரு பயனரைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வசதி இயங்கினால் 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். அதை ஒரு தாளில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள்.

இந்த நிலையில் நான் சொல்வது வெராகிரிப்ட் என்ற குறியாக்க ப்ரோகிராம். இலவசம், ஹோம் பதிப்பிலும் ஓடும். 10 ஜிபி, 20 ஜிபி என்று நீங்கள் சொல்லும் அளவில் ஒரு பெட்டிக் கோப்பை உருவாக்கும். கடவுச்சொல் கொடுத்தால் அது ஒரு தனி டிரைவாகத் திறக்கும், மூடினால் வெறும் கோப்பாகிவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராலும் உள்ளே பார்க்க முடியாது. மூன்றைக் கவனியுங்கள். திறந்திருக்கும் நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் நுழைந்திருக்கும் மற்ற பயனர்களுக்கும் அது தெரியும், ஆகவே கணக்கிலிருந்து வெளியேறும்போதும் திரையைப் பூட்டும்போதும் தானாக மூடும்படி அதன் 'ப்ரெஃபரன்சஸ்' பகுதியில் டிக் போடுங்கள். பெட்டியைத் திறக்க முடியாவிட்டாலும் யாரும் அதை அழித்துவிடலாம், எனவே அந்தக் கோப்புக்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகல் வேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே இல்லை.

யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் ஏற்றிக் கம்ப்யூட்டரைத் தொடங்கினால் விண்டோஸ் எழுதிவைத்த அனுமதிகள் மதிக்கப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் ஓடும்போதுதான் விண்டோஸ் காவல் நிற்கும். பிள்ளைகளின் கை தவறுவதிலிருந்து காக்க இது தேவைப்படாது. தெரிந்தே முயல்பவர் வீட்டில் இருந்தால் குறியாக்கம் ஒன்றுதான் தடுக்கும்.

'ஃபோல்டர் லாக்' என்ற பெயர்களில் கிடைக்கும் சிறு ப்ரோகிராம்களை நம்பி அலுவலகக் கோப்புகளை ஒப்படைக்காதீர்கள். அவற்றில் பல ஃபோல்டரை மறைத்து வைப்பதோடு சரி. அந்த ப்ரோகிராம் பழுதானாலோ விண்டோஸைப் புதிதாக நிறுவினாலோ மறைத்ததைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. விண்டோஸின் சொந்த அனுமதிகளிலும் மறுநிறுவலுக்குப் பிறகு ஒரு சிக்கல் வரும், ஆனால் அது தீர்க்கக்கூடியது. அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் விண்டோஸுக்கு அது வேறு ஆள், ஏனென்றால் அது பெயரை அல்ல, உள்ளே இருக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணைப் பார்க்கிறது. பட்டியலில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் தெரியும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' வரிசையை விட்டுவைத்திருந்தால் புதுப் பெயரைச் சேர்த்து, அந்த எண்ணை நீக்கிவிடலாம்.

வெளி டிஸ்க்கில் எடுத்த நகலைப் பற்றி ஒரு வார்த்தை. அது எக்ஸ்ஃபேட் வகையாக இருந்தால் இந்த அனுமதிகள் எதுவும் அதில் வராது, செருகியவர் எவரும் படிக்கலாம். அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள், அல்லது வெராகிரிப்ட் பெட்டியை மட்டும் அதில் வையுங்கள்.

காணாமல் போன அந்த ஃபோல்டருக்கு: எல்லோரும் ஒரே கணக்கில் இருந்ததால், யார் அழித்திருந்தாலும் அது உங்கள் ரீசைக்கிள் பின்னில்தான் விழுந்திருக்கும். டி டிரைவின் பூட்டு நீங்கியதும் முதல் வேலையாக அங்கே தேடுங்கள். பின்னர் டி டிரைவின் தேடல் பெட்டியில் அந்தப் பெயரை அடித்துப் பாருங்கள், இழுக்கும்போது கை தவறிப் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கவும் கூடும். இரண்டிலும் இல்லையென்றால் டி டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, மீட்பு வேலை தெரிந்த ஒருவரிடம் டிஸ்க்கைக் காட்டுங்கள். அது எஸ்எஸ்டி என்றால் அழிந்த இடத்தை டிஸ்க்கே காலி செய்துவிட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகளைப் பிரிப்பதையும் அனுமதிகளை மாற்றுவதையும் அந்தத் தேடல் முடிந்த பிறகு தொடங்குங்கள்.